மெட்டில்டா நம் தெருவில் பிறந்தால்

பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் ஒரு மாணவி போன வாரம் என்னிடம் யோசனை கேட்டார். பயிற்சிக்காக அவரை ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. “சார், மெட்டில்டாவைத் தமிழ்ல போடலாம்னு இருக்கேன். புத்தகம் படிக்கிற பிள்ளை கதை. நம்ம பிள்ளைகளுக்குப் பிடிக்கும்லா?” என்றார்.

நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து எனக்கே அதில் ஒரு நெருடல் வந்தது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோல்ட் டால் 1988-ல் எழுதிய சிறுவர் நாவல் அது. மெட்டில்டா சின்னஞ்சிறு பெண். யாரும் சொல்லித்தராமல் தானே படிக்கக் கற்றவள். ஊர் நூலகத்தில் இருக்கிற தடித்த புத்தகங்களையெல்லாம் படித்து முடிக்கிறாள். வீட்டில் அவளை ஒருவரும் மதிப்பதில்லை. அப்பா பழைய காரை ஏமாற்றி விற்கிறவர். அவள் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தைக் கிழித்துப் போடுகிறார். பள்ளியிலோ பிள்ளைகளை வதைக்கும் தலைமையாசிரியை. ஒரே ஆறுதல் ஒரு ஏழை ஆசிரியை. கடைசியில் பெற்றோர் ஊரை விட்டு ஓட, பிள்ளை அந்த ஆசிரியையிடம் தங்கிவிடுகிறாள். இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இதை 2010-ல் பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்றியது. டென்னிஸ் கெல்லி நாடகத்தை எழுத, டிம் மின்சின் பாட்டெழுதி இசையமைத்தார். 2012-ல் அந்த நாட்டின் பெரிய நாடக விருதான ஆலிவியரில் ஏழு விருதுகளை அள்ளியது. கொடுமைக்காரத் தலைமையாசிரியையாக முதலில் நடித்தவர் ஓர் ஆண். நம் கூத்தில் ஆண் பெண்வேடம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதில்லை.

நல்ல கதைதான். ஆனால் அதன் அடியில் ஒரு எண்ணம் ஓடுகிறது. இந்தப் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் இந்த அறிவுக்கும் சம்பந்தமில்லை, தவறான வீட்டில் பிறந்துவிட்டாள், சரியான கைக்குப் போனால் பிழைத்துக்கொள்வாள் என்ற எண்ணம். லண்டன் பிள்ளைக்கு அது வெறும் கதை. நம் தெருப் பிள்ளைக்கு அது பிறந்த நாள் முதல் காதில் விழுகிற பேச்சு. ஒரு தலித் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தால் “உனக்கு எப்படிலே இது வந்துச்சி?” என்று கேட்காத ஊர் எது?

இந்தக் கேள்வி நம் பள்ளத்தாக்கில் பழைய கேள்வி. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டவராயன்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் வீட்டுப் பெண்கள் இருவரை விரும்பி, பெண்களின் அப்பா கேட்டுக்கொண்டபடி பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, அவர்களை மணந்தவன். மாடு பிடிக்க வந்த கள்வரோடு சண்டையிட்டு மாண்டவன். ஆனால் கதை பாடப்பட்டு வந்த வழியில் ஓர் ஒட்டு விழுந்தது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்ற ஒட்டு. அது பின்னால் சேர்த்தது என்று எடுத்துக்காட்டியவர், இந்தக் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை. அவரும் நாங்குநேரிக்காரர்தான். செருப்புத் தைக்கிற வீட்டில் அப்படிப்பட்ட பெண்கள் பிறந்திருக்க முடியாது என்று யாருக்கோ உறுத்தியிருக்கிறது. மேடையில் அவர்களை ஏற்றுவதற்கு முன் பிறப்பை மாற்றிவிட்டார்கள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஊர்க் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது எங்கள் தெருக்காரர்கள் பந்தலுக்கு வெளியே, வயல் வரப்பில் நின்றுதான் கேட்க வேண்டும். அப்படி நின்று கேட்டே முழுக்கதையையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நடவு நேரத்தில் அதைச் சொல்லிக்கொண்டே நடுவாள். ஒரு வரி பிசகாது. நான் வரப்பில் உட்கார்ந்து கேட்பேன். ஏழாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம். எல்லாருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். வேடம் பிரித்தபோது எனக்குக் கிடைத்தது திரைக் கயிறு. யாராவது வசனம் மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கவும் சொன்னார்கள். கட்டபொம்மன் இரண்டு இடத்தில் திணறினான், நான் எடுத்துக்கொடுத்தேன். விழா முடிந்ததும் ஒரு வாத்தியார், “பரவால்லயேல, உனக்கு எங்கேருந்துல வந்துச்சி இந்த ஞாபகம்?” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அம்மாவிடமிருந்து என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

மெட்டில்டா நாடகத்தில் என்னை அசத்தியது வேறொரு விஷயம். லண்டனில் அந்த வேடத்துக்கு நான்கு சிறுமிகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே பிள்ளையை மேடையேற்றி வாட்டக் கூடாது என்று முறைவைத்து நடிக்க வைத்தார்கள். அந்த ஆண்டு சிறந்த நடிகைக்கான விருதை நான்கு பேருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். பிள்ளையின் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று நினைக்கிற ஒரு ஏற்பாடு.

இதை மாரி செல்வராஜின் ‘வாழை’ படத்தோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கம், இதே ஆற்றுப் பாசனத்தில் விளையும் வாழை. சிவனணைந்தான் நன்றாகப் படிக்கிற பையன். பள்ளிக்கூடம் என்றால் உயிர். ஆனால் விடுமுறை நாள் வந்தால் தலையில் வாழைத்தார். தார் சுமந்து கழுத்து வலிக்கிற பிள்ளைக்கு முறைவைக்க யாரும் இல்லை. அவன் அம்மா மெட்டில்டாவின் அம்மாவைப் போன்றவள் அல்ல. மகன் படிப்பை வெறுத்தா அவள் காய் சுமக்க அனுப்புகிறாள்? முன்பணம் வாங்கியாயிற்று, போகாவிட்டால் கடன் அடையாது. ஒரு நாள் அவன் வேலைக்குப் போகாமல் பள்ளி விழாவுக்கான ஆட்டப் பயிற்சிக்குப் போகிறான். அதற்கு ஒத்தாசை செய்கிறவள் அவன் அக்கா. அன்றைக்கு லோடு ஏற்றிய லாரி கவிழ்கிறது. அக்காவும் ஊராரும் சாகிறார்கள். மேடைக்குப் போன பிள்ளை மட்டும் மிஞ்சுகிறான். தன் சிறுவயதில் நடந்த விபத்தை வைத்து இயக்குநர் எடுத்த படம் அது. திரையரங்கில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் படம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பிள்ளையைக் கைவிட்டது வீடு இல்லை. கூலியை இழுத்துப் பிடித்தவர்களும், ஆளையும் தாரையும் ஒரே லாரியில் ஏற்றியவர்களும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. லண்டன் நாடகத்தின் கடைசியில் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து தலைமையாசிரியைக்கு எதிராகப் பாடி ஆடுகிறார்கள். கைதட்டல் அரங்கை அதிரவைக்கும். அப்படி ஒன்றாக எழ, முதலில் அந்த வகுப்பு ஒரே வகுப்பாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை இரவில் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு அதே வள்ளியூர்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளியில் தான் பட்டதை ஆசிரியரிடம் சொன்னான், அவ்வளவுதான். நன்றாகப் படிக்கிறவன் என்று பெயரெடுத்த பிள்ளை. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 வாங்கினான். கதையில் மெட்டில்டாவின் அறிவு அவளைக் காப்பாற்றுகிறது. இங்கே படிக்கிற பிள்ளை, வாயைத் திறக்கிற பிள்ளை என்பதே குற்றமாகிவிட்டது.

அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்பது போன்ற பரிந்துரைகள் உண்டு. கயிற்றைப் பற்றித்தான் தொலைக்காட்சிகளில் கத்தினார்கள். ஆண்டு விழாவில் யாருக்கு ராஜா வேடம், யாருக்குத் திரைக் கயிறு என்று ஒருவரும் பேசவில்லை. கலைத் திருவிழாவை 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் நடத்துகிறார்கள்; பள்ளியில் தொடங்கி மாநில அளவு வரை போகிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் தேர்வு நடப்பது பள்ளியில். அங்கே யார் முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பெற்றோர் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நூலகத்தையும் விட்டுவிட முடியாது. மெட்டில்டா தன்னந்தனியே நடந்து நூலகத்துக்குப் போகிறாள். வழியில் அவளை யாரும் “எந்தத் தெரு?” என்று கேட்பதில்லை. இந்தியாவிலேயே முதலில், 1948-ல், பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. நீங்கள் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. காலனி வீட்டிலும் அதே 10 காசு. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. நான் போய்ப் பார்த்த ஊர்களில் அது பெரும்பாலும் ஊர்த் தெருவில், பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறது. பாதி பூட்டிக் கிடக்கிறது. திறந்திருக்கிற இடத்திலும் நம் தெருப் பெண்பிள்ளை சாயங்காலம் ஊருக்குள் நடந்துபோய்ப் புத்தகம் எடுத்து, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒரு வீட்டைக் கைகாட்டுவார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் நம் பிள்ளை ஏற முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் போனில் சொன்னேன். நாடகத்தைக் கைவிடச் சொல்லவில்லை. போடுங்கள், ஆனால் அப்பா அம்மாவை மாற்றுங்கள் என்றேன். பிள்ளையைப் படிக்க வைக்க முடியாமல் தவிக்கிற, ஆனால் நூறு கதை தெரிந்த அம்மா ஒருத்தியை உள்ளே கொண்டுவாருங்கள். புத்தகத்தைக் கிழிக்கிறவர் வேறு யாராவது இருக்கட்டும். யார் என்று பிள்ளைகளையே கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். லண்டன் மெட்டு எதற்கு? வில்லும் குடமும் கட்டையும் இந்த மண்ணின் சொத்து, ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல அது போதாதா? நான்கு பேர் நடித்த சங்கதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு ஒரு பிள்ளையாக மெட்டில்டாவை மாற்றுங்கள். ஒரு சிவப்பு ரிப்பனைக் கைமாற்றினால் போதும், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். காலனிப் பிள்ளை கட்டியிருந்த ரிப்பனை அடுத்த காட்சியில் ஊர்ப் பிள்ளை கட்ட வேண்டும். அதற்கு யார் வீட்டிலிருந்தாவது ஆட்சேபம் வந்தால், தலைமையாசிரியர் அதைத் தன் மேசையில் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சு பள்ளியில் நடந்தால், நாடகம் பரிசு வாங்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தலைமையாசிரியை வேஷத்துக்கு ரெண்டு பயலுவ இப்பவே சண்டை போடுதானுவ சார்” என்று சிரித்தார்.

நேற்று மறுபடி கூப்பிட்டார். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் ஆச்சிக்குப் பழைய வில்லுப்பாட்டு மெட்டெல்லாம் தெரியுமாம். காலனியில்தான் வீடு. பள்ளிக்கு வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டுவிட்டிருக்கிறார். “வாரேன்னு சொல்லிட்டாங்க சார். ஆனா சனிக்கிழமை அவங்களுக்கு நடவு இருக்காம். ஞாயித்துக்கிழமை வச்சுக்கிடலாமான்னு கேக்காங்க.”