மும்பை மாநகராட்சியும் ரெண்டாவது கையெழுத்தும்

"கமிஷனர் ராஜ்ஜியமே தேவலை சார். இனிமே தினம் கூச்சல்தான்."

மும்பை மாநகராட்சிக்கு 2026 ஜனவரி 15-ம் தேதி தேர்தல் நடந்து முடிந்ததிலிருந்து இந்த வசனத்தை லோக்கல் ரயிலில், லிஃப்டில், செம்பூர் காய்கறிக் கடையில் என்று குறைந்தது பத்துப் பேரிடம் கேட்டுவிட்டேன். சொன்னவர்களில் பாதி நம்மாட்கள். படித்தவர்கள், வரியை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள். அவர்களுடைய கோபம் நியாயம்தான். ஆனால் முடிவு தப்பு என்பது என் கட்சி. (பயப்படாதீர்கள், எனக்கு அரசியல் தெரியாது. பி.காம் படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக பேங்கில் குப்பை கொட்டுகிறவன். வரவு செலவு ஒன்றுதான் தெரியும். அதை வைத்தே பேசுகிறேன்.)

வெளியூர்க்காரர்களுக்காக முன்கதைச் சுருக்கம். மும்பை மாநகராட்சி சபைக்கு 227 உறுப்பினர்கள். இங்கே நகர்சேவக் என்பார்கள். பழைய சபையின் ஐந்து வருஷம் 2022 மார்ச் 7-ம் தேதியோடு முடிந்தது. காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. நடக்கவில்லை. இதர பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டு வழக்கு ஒரு பக்கம், வார்டுகளை 236 ஆக்கி மறுபடி 227 ஆக்கிய கூத்து இன்னொரு பக்கம் என்று இழுத்துக்கொண்டே போய், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கெடு வைத்து, அந்தக் கெடுவும் ஒரு முறை நீண்டு, ஒரு வழியாக 2026-ல் ஓட்டுப் போட்டோம். நடுவில் கிட்டத்தட்ட நாலு வருஷம் கமிஷனரே நிர்வாகி. மும்பையில் இதற்கு முன்னால் இப்படி நடந்தது 1984-85-ல்தான், அதுவும் ஒரு வருஷச் சொச்சம்.

அந்த நாலு வருஷத்தில் கூட்டம் கிடையாது, கூச்சல் கிடையாது, மைக் உடையவில்லை, வெளிநடப்பு இல்லை. ஊர் நன்றாக ஓடியதே, பிறகு எதற்கு இந்த 227 பேர்? இதுதான் கேள்வி.

பேங்கில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் மேக்கர்-செக்கர் என்று ஒன்று சொல்வார்கள். கம்ப்யூட்டரில் பதிவு போடுகிறவர் ஒருவர், அதைப் பார்த்து பாஸ் பண்ணுகிறவர் வேறொருவர். லெட்ஜர் காலத்திலும் இதே கதைதான். எழுதியவர் ஒருத்தர், சரிபார்த்துச் சுருக்கொப்பம் வைப்பவர் இன்னொருத்தர். எழுதியவர் அரிச்சந்திரனே ஆனாலும் ரெண்டாவது கையெழுத்து இல்லாமல் பைசா நகராது. இது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. நல்லவரும் தூக்கக் கலக்கத்தில் ஒரு சைபர் கூடப் போட்டுவிடுவார், அவ்வளவுதான்.

1888-ம் வருஷத்து மும்பை மாநகராட்சிச் சட்டம் (திருத்தித் திருத்தி இன்றும் அதுதான்) எனக்கு இந்த மேக்கர்-செக்கராகவேதான் தெரிகிறது. வேலை செய்யும் அதிகாரமெல்லாம் மாநில அரசு அனுப்பும் கமிஷனரிடம். டெண்டர் விடுவது, ஆள் வைப்பது, இடிப்பது, கட்டுவது எல்லாம் அவர். மேயருக்கு நாற்காலி பெரிசு, நிர்வாக அதிகாரம் சொற்பம். ஆனால் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் ஸ்தாயி சமிதி ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மூரில் நிலைக்குழு என்போமே, அது. பட்ஜெட் அந்தக் குழு வழியாக சபைக்கு வந்து நிறைவேற வேண்டும். ஆக, கமிஷனர் மேக்கர். சபை செக்கர்.

கொரோனாவுக்கு முன்னால் ஒரு நாள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து சபைக் கூட்டம் பார்த்திருக்கிறேன். சி.எஸ்.டி ஸ்டேஷனுக்கு எதிரே அந்தக் கோபுரம் வைத்த கல் கட்டடம்தான். ஸ்டேஷனைக் கட்டிய ஸ்டீவன்ஸ் துரையே கட்டியது, 1893-ல் முடிந்தது. உள்ளே எல்லாம் மராத்தி. முதல் அரைமணி எனக்கு 'ஹர்கதீச்சா முத்தா' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. பாயின்ட் ஆஃப் ஆர்டர் என்று பிறகு தெரிந்தது. ஒருவர் தன் வார்டில் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்று ஒரு பாட்டில் தண்ணீரைத் தூக்கிக் காட்டிக் கத்துகிறார். எதிர்வரிசை கத்துகிறது. அதிகாரி எழுந்து, ரொம்ப மரியாதையாக, பதில் மாதிரி இருக்கும் ஒன்றைச் சொல்கிறார். 'எந்தத் தேதிக்குள்?' என்று மறுபடி கத்தல். கடைசியில் அதிகாரி வாயிலிருந்து ஒரு தேதி வந்தது. அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

அந்தத் தேதிக்குள் குழாய் சரியானதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தேதி வாங்கினார்களே, அதைச் சொல்கிறேன். நானும் நீங்களும் கவுண்டரில் நின்று கேட்டால் 'பார்க்கலாம்' என்ற பதிலோடு வந்திருப்போம்.

முடிவெடுக்கும் முறையும் நம் பேங்க் சமாசாரம் மாதிரியே இருக்கும். தீர்மானம் ஒன்று பாஸ் ஆகும், அல்லது 'ராகூன்', அதாவது நிலுவை, இல்லாவிட்டால் 'தஃப்தரி தாக்கல்'. கடைசியாகச் சொன்னதற்கு ஃபைலைக் கட்டி பீரோவில் வைத்துவிடு என்று அர்த்தம். நிராகரிப்பைக்கூட இவ்வளவு நாசூக்காகச் சொல்ல மராட்டியர்களால்தான் முடியும் :-)

இப்போது அந்த நாலு வருஷத்துக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் கமிஷனர் இக்பால் சிங் சஹல் 45,949 கோடி ரூபாய்க்கு பட்ஜெட் போட்டு ஸ்தாயி சமிதித் தலைவர் கையில் கொடுத்தார். அடுத்த வருஷம் 52,619 கோடி. அதை வாங்கிக்கொண்டது யார்? நிர்வாகி. நிர்வாகி யார்? அதே சஹல்தான். கூடுதல் கமிஷனர் சமர்ப்பிக்க, கமிஷனர் பெற்றுக்கொள்ள, கமிஷனரே ஒப்புதல். மேக்கர் ஐ.டி.யும் செக்கர் ஐ.டி.யும் ஒரே ஆளிடம்! எங்கள் பிராஞ்சில் ஒருவர் இன்னொருவர் பாஸ்வேர்டைப் போட்டு ஐம்பது ரூபாய் வவுச்சரை பாஸ் பண்ணினால் சார்ஜ் ஷீட் வரும். இங்கே ஐம்பத்திரண்டாயிரம் கோடி. அவரோ, 2024 மார்ச்சில் பின்னால் வந்த பூஷண் கக்ராணியோ தப்பானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இருவருமே அனுபவஸ்தர்கள். கொரோனா காலத்தில் சஹல் செய்த வேலையை ஊரே பாராட்டியது. சொல்வது, கேள்வி கேட்க எதிரே ஆள் இல்லை என்பதை மட்டும். 2025-26-ல் பட்ஜெட் 74,427 கோடிக்குப் போயிற்று. சில சின்ன மாநிலங்களுக்கே அவ்வளவு கிடையாது.

கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. நகர்சேவக் இல்லாததால் வார்டு வேலைகளுக்கான பணத்தை எம்.எல்.ஏ.க்கள் வழியாகக் கொடுக்கலாம் என்று 2023-ல் ஒரு ஏற்பாடு வந்தது. பொறுப்பு மந்திரி சம்மதிக்க வேண்டும். மும்பையில் எம்.எல்.ஏ.க்கள் 36. அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை ஆளும் தரப்பைச் சேர்ந்த 21 பேர் தொகுதிகளுக்கு ஐநூறு கோடி ரூபாய் போனது, எதிர்த்தரப்பு 15 பேருக்குச் சைபர் என்று 2024 ஜனவரியில் ஓர் ஆங்கில நாளிதழ் கணக்கெடுத்துப் போட்டது. பத்திரிகை தோண்டி எடுக்கும்வரை இது வெளியே தெரியவில்லை. சபை இருந்த காலத்திலும் ஆளும் கட்சி தன் வார்டுகளுக்குக் கூடுதலாக அள்ளிக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் அன்று அது பட்ஜெட் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நடக்கும். எதிர்க்கட்சி நடுக்கூடத்தில் உட்கார்ந்து ரகளை பண்ணி கொஞ்சமாவது பிடுங்கிக்கொண்டு போகும். அந்த ரகளையைத்தான் 'கூச்சல்' என்கிறோம்.

குப்பைக் கட்டணம் இன்னொன்று. 2025 ஏப்ரலில் வீடுகளுக்கு மாதம் 100 ரூபாயிலிருந்து குப்பைக் கட்டணம் வசூலிக்க வரைவு விதி வந்தது. நகரம் வளர்ந்தால் கட்டணம் வரும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் ஆட்சேபனை இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்றார்கள் பாருங்கள். யாருக்கு? வரைவு எழுதியவருக்கே! சாளில் பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் பாட்டி யாருக்கு எழுதுவாள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தெருமுனையில் இருக்கும் நகர்சேவக் ஆபீஸ். 500 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்குச் சொத்து வரி வேண்டாம் என்ற விஷயம் 2017-ல் சபைத் தீர்மானமாகத்தான் கிளம்பியது. மாநில அரசு 2022 ஜனவரியில் அதற்கு முழுசாக இறங்கிவந்தது. அஞ்சு வருஷம் ஆனது, ஆனாலும் ஆரம்பித்த இடம் சபை.

சரி, செக்கர் யோக்கியமா? அங்கேதான் நம்மாட்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2022-ல் பழைய ஸ்தாயி சமிதி தன் கடைசிக் கூட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீர்மானங்களை ஒரே மூச்சில் பாஸ் பண்ணிவிட்டுப் போனது. மார்ச் 31-ம் தேதி ராத்திரி வவுச்சர் கட்டைத் தொட்டுக் கும்பிட்டுக் கையெழுத்துப் போடும் ஆபீசர்களை நான் பார்த்திருக்கிறேன், அதே ரகம். அவர்கள் காலத்தில்தான் சாக்கடை தூர் வாரும் ஊழல் வெளிவந்தது, ரோடு ஊழலும் வந்தது. ஆனால் அந்த ரோடு ஊழல் எப்படி வெளிவந்தது என்று பார்க்க வேண்டும். 2015-ல் அப்போதைய மேயர் சினேஹல் ஆம்பேகர், கமிஷனர் அஜோய் மேத்தாவுக்கு ரோடு வேலைகளில் முறைகேடு என்று கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது, 2016-ல் போலீஸ் வழக்கு, தலைமைப் பொறியாளர்களே கைதானார்கள். ஒரு செக்கர் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்ததன் பலன் அது. தூங்கும் செக்கரை எழுப்பலாம், மாற்றலாம், அடுத்த தடவை ஓட்டுப் போடாமல் விடலாம். இல்லாத செக்கரை என்ன செய்வது?

இது மும்பையின் தனி வியாதியும் கிடையாது. பெங்களூரில் 2020 செப்டம்பரில் சபைக் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வருவதற்குள் மாநகராட்சியையே அஞ்சாகப் பிரித்துவிட்டார்கள். நம்ம சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது? 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை அஞ்சு வருஷத்துக்கு மேல் சபை இல்லாமல் தனி அதிகாரி ஆட்சி. 2018-ல் சொத்து வரியை ஏற்றினார்கள், 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். ஏற்றியபோதும் சபை இல்லை, இறக்கியபோதும் இல்லை. வீட்டில் அப்பாவிடம் கேட்டால் 'அப்படியா, கவுன்சிலர் இல்லாமலா இருந்தது?' என்கிறார். யாரும் கவனிக்கவே இல்லை என்பதுதான் இதில் பயமான சங்கதி.

புது நகர்சேவக்குகள் வந்தாயிற்று. கத்தட்டும். என்ன கேட்டுக் கத்த வேண்டும் என்பதில் மட்டும் ஒரு பேங்க்காரனாக எனக்கு ஓர் ஆசை. மாநகராட்சியின் ஃபிக்ஸட் டெபாசிட் 2022-ல் தொண்ணூறாயிரம் கோடிக்கு மேல் இருந்தது. (எந்த பேங்க்காரனுக்கும் வாய் ஊறும் தொகை.) 2025 தொடக்கத்தில் எண்பத்தோராயிரம் கோடிச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. அதே சமயம் எடுத்துவைத்திருக்கும் திட்டங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை ரெண்டு லட்சம் கோடிக்கு மேல். அந்த டெபாசிட்டிலும் ஊழியர்களின் பி.எஃப் பணம், ஒப்பந்தக்காரர்கள் கட்டிய வைப்புத்தொகை எல்லாம் சேர்ந்திருக்கிறது. செலவழிக்கலாம் என்று இருப்பது அதில் ஒரு பகுதிதான். டெபாசிட்டை உடைத்துக் கடல்வழிச் சாலை போடுவது சரியா தப்பா என்பது அப்புறம். முதலில் எந்த டெபாசிட், எந்தத் தேதியில், எந்த வேலைக்காக உடைந்தது, இனி வரும் பில்களுக்குப் பணம் எங்கிருந்து என்று நாலு வருஷத்துக்கும் வரிசையாக ஒரு ஸ்டேட்மென்ட் கேளுங்கள் ஐயா. அதிகாரி எழுந்து 'தயார் பண்ணித் தருகிறோம்' என்பார். எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.