எந்த மன்றோ?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி ஓர் ஏக்கர் கைமாறினாலும் முதலில் எழும் கேள்வி, "பட்டா யார் பேரில் இருக்கிறது?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கிருஷ்ணகிரிச் சீமையில் வேரூன்றச் செய்தவர் மன்றோ துரை என்பார்கள். எந்த மன்றோ? தென்னாட்டுச் சரித்திரத்தில் அந்தப் பெயரில் மூன்று பிரபலஸ்தர்கள் வருகிறார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுவது சகஜம்.

நாம் இங்கிலீஷ் பெயர் என்று நினைத்தாலும், மன்றோ என்பது ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலப்பெயர். 2013-ல் நோபல் பரிசு பெற்ற கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவுக்கு அது கணவர் வழியில் வந்தது.

ஹெக்டர் மன்றோ 1764-ல் பக்ஸாரில் வென்றவர். 1780-ல் பொள்ளிலூரில் பெய்லியின் படை ஹைதர் அலியிடம் அழிந்தபோது, இதே வீரர் காஞ்சீபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்! மறு வருஷம் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஜான் மன்றோ திருவிதாங்கூரின் ரெஸிடெண்டு, திவான். கொல்லத்துக்கு அருகிலுள்ள மன்றோத்துருத்து அவர் பெயரால் ஆனது.

பட்டாவோடு சேர்த்துப் பேசப்படுபவர் தாமஸ் மன்றோ. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் வசம் வந்தது. ஓசூர் வந்தது 1799-ல்தான். பாராமகாலின் நிர்வாகத்துக்கு வந்தவர் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட். மன்றோ அவருடைய உதவியாளர்களில் ஒருவர். ஜமீன்தார் குறுக்கே நில்லாமல் குடியானவனிடமே நேராகத் தீர்வை வசூலிக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. நிலங்களை அளக்கச் செய்து அதைத் தொடங்கியவர் ரீட். அவரிடம் வேலை கற்றவர் மன்றோ. ஆனால் 1820-ல் சென்னைக் கவர்னராகி, 1827-ல் பத்திகொண்டாவில் காலராவால் மாண்டு, தீவுத்திடலருகே சேணமில்லாக் குதிரைமேல் சிலையாக வீற்றிருப்பவர் சிஷ்யர். புகழ் முழுவதும் அவருக்கே போய்விட்டது. ரீடை யார் நினைக்கிறார்கள்?

அதற்காக அந்த முறை குடியானவனுக்குச் சுகமாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். கடப்பை, பெல்லாரிச் சீமையில் தாம் விதித்த தீர்வையில் கால் பங்கைக் குறைக்கலாம் என்று 1807-ல் மன்றோவே சிபாரிசு செய்தார். தீர்வை செலுத்தியவன் பேர் பட்டாவில் ஏறியது. அவன் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்தவன் பேர் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.