ரீல்ஸில் துப்பாக்கி ஹோல்ஸ்டர்... ஒரகடம் ஷிஃப்ட் பஸ்ஸில் பெப்பர் ஸ்ப்ரே!

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையா கிளம்புற நேரம். சீட்ல உட்கார்ந்ததும் எல்லார் கையிலும் போன். ஷிஃப்ட் முழுக்க லாக்கரில் கிடந்த போனாச்சே! சமையல், சீரியல், சேலை ஆஃபர்னு தள்ளிக்கிட்டே போனா, நடுவுல ஓர் அமெரிக்கப் பெண் வந்து நிற்கிறார். டி-ஷர்ட்டைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் செருகியிருக்கும் பிஸ்டலைக் காட்டுகிறார். இந்த ஹோல்ஸ்டர் உட்கார்ந்தா குத்தாது, குனிஞ்சா தெரியாது, வியர்வைக்கு அரிக்காது... நாம செருப்புக்கு ரிவ்யூ போடுற மாதிரிதான் பேசுகிறார்.

அவங்க ஊரில் அது நிஜமான கேள்வி. அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பர்மிட்கூட இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். வெளியில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமைன்னு 2022-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இடுப்பில் உறுத்தினால் கழற்றி கார்லயே வெச்சுட்டுப் போறாங்க, கார்ல இருந்து திருடு போகுது. அதனால்தான் பெல்ட், வயிற்றுப் பட்டை, கணுக்கால் உறை, ரகசிய அறை வைத்த ஹேண்ட்பேக்னு ஒரு பெரிய மார்க்கெட்டே ஓடுது.

நம்ம ஊரில்? இந்தியாவிலும் லைசென்ஸ் இருக்கிறவர் துப்பாக்கியை மறைத்துத்தான் எடுத்துப் போகணும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டருக்குள்ளோ, உடம்போடு மாட்டிய பைக்குள்ளோ முழுசா மூடியிருக்கணும். கல்யாண வீட்டில் வெளியே எடுத்துக் காட்டுறதெல்லாம் குற்றம். ஆனா அந்த லைசென்ஸ் கிடைக்கிறதுதான் கஷ்டம். 21 வயசு ஆகியிருக்கணும், போலீஸ் விசாரணை நடக்கும், உயிருக்கு என்ன ஆபத்துன்னு காரணம் காட்டணும். ஸ்ரீபெரும்புதூர் லைனில் நிற்கும் பெண்களில் நிறைய பேர் பிளஸ் டூ முடிச்ச கையோட வந்தவங்க. வயசு வரம்பிலேயே விண்ணப்பம் நின்னுடும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில்.

'பெண்களுக்கான துப்பாக்கி'ன்னு ஒண்ணு நம்ம நாட்டிலேயே வந்தது, ஞாபகம் இருக்கா? 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்'னு ஒரு .32 ரிவால்வரை அறிமுகம் செய்தது. டைட்டானியம் கலந்த உலோகம், எடை சுமார் 500 கிராம், ஹேண்ட்பேக்கில் அடங்கும். நகைப்பெட்டி மாதிரி ஒரு டப்பா வேற! விலை 1,22,360 ரூபாய். டெல்லி சம்பவத்தில் உயிரிழந்த பெண்ணை நினைவூட்டும் பெயரை வைத்து, ஒப்பந்தத் தொழிலாளியின் பல மாசச் சம்பளத்தை விலையாகப் போட்டார்கள். யாருக்காகச் செய்தார்கள் என்பது எனக்கு இன்னிக்கும் புரியலை.

ஹேண்ட்பேக் சௌகரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவம். 2014 டிசம்பர் 30, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம். குழந்தைகளோடு வால்மார்ட் கடைக்குப் போன ஓர் இளம் தாயின் பையில் துப்பாக்கி. அதற்கென்றே தனி ஜிப் வைத்த பை, கணவர் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. ட்ராலியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் ஜிப்பைத் திறந்தான். துப்பாக்கி வெடித்து அம்மா அங்கேயே இறந்துபோனார். அவரிடம் முறையான பர்மிட் இருந்தது, துப்பாக்கியும் பழக்கமானதுதான்.

நம்ம ஏரியாவுக்குத் துப்பாக்கி புதுசுன்னும் சொல்ல முடியாது. 2021 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெண்ணிடம் செயினைப் பறித்தவர்கள் துப்பாக்கியைக் காட்டி மிரட்டித் தப்பினார்கள். ட்ரோன் வைத்தெல்லாம் தேடி, கடைசியில் ஒருவர் போலீஸ் என்கவுன்டரில் இறந்தார். அந்த நிமிஷம் அந்தப் பெண்ணின் பையிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜிப்பைத் திறக்கவே நேரம் இருந்திருக்காது. செயினோடு பையும் போயிருந்தால், திருடன் கையில் ரெண்டு துப்பாக்கி.

அதனால் பலருடைய பையில் இருப்பது பெப்பர் ஸ்ப்ரேதான். லைசென்ஸ் வேண்டாம், ஆன்லைனிலேயே கிடைக்குது. ஆனா ஹோல்ஸ்டர் ரிவ்யூவில் கேட்கிற அதே கேள்வியை இங்கேயும் கேட்கணும்: எங்கே வெச்சா கைக்கு வரும்? டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், ஐ.டி கார்டுக்கு அடியில் கிடந்தால் பிரயோஜனம் இல்லை. இறங்குற ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே கையில் எடுத்துடுங்க. காற்று உங்க பக்கம் அடிச்சா உங்க கண்ணுதான் எரியும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டு வைக்காதீங்க, எக்ஸ்பைரி தேதியையும் பாருங்க. அடிச்சதும் நின்னு பார்க்காம ஓடிடணும். இது விளையாட்டுப் பொருளும் இல்லை. 2024 மே மாதம் ஒரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், பெப்பர் ஸ்ப்ரேயும் ஆபத்தான ஆயுதமாகலாம்னு சொல்லி வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உயிருக்கு பயந்து அடிச்சதா, சண்டையில் அடிச்சதா என்பதுதான் அங்கே கேள்வி.

இன்னொரு சிக்கல், கம்பெனி கேட். மெட்டல் டிடெக்டர், பை சோதனை எல்லாம் தாண்டி ஸ்ப்ரே உள்ளே போகுமா என்பதை செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே கேட்டுடுங்க. வாங்கி வைத்துக்கொண்டு ஷிஃப்ட் முடிஞ்சதும் திருப்பித் தருவாங்களான்னும் கேளுங்க. போனில் 'காவல் உதவி' ஆப் போட்டு, அதில் இருக்கும் சிவப்பு பட்டனை முகப்பிலேயே வெச்சுக்கலாம். 112, 181 எண்களை ஸ்பீடு டயலில் போடலாம். இதெல்லாம் போன் கையில் இருக்கிற நேரத்துக்குத்தான்.

பெண்கள் ராத்திரி வேலை பார்க்கக் கூடாதுன்னு இருந்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே ரத்து செய்துவிட்டது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்புக்கு நிபந்தனைகளும் விதித்தது. பஸ் வருது, ஆனா ரூம் வாசல் வரைக்கும் வர்றதில்லை. 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பிறகுதான் அவங்க எங்கே தங்குறாங்கன்னு ஊரே கேட்டது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறந்தார்கள். பெரிய விஷயம்தான். அங்கே இடம் கிடைக்காமல் சுங்குவார்சத்திரம், மாத்தூர் பக்கம் ரூம் எடுத்திருப்பவர்கள், பஸ் ஸ்டாப்பில் இருந்து விளக்கு எரியாத தெருவில் ரெண்டு மூணு பேரா சேர்ந்துதான் நடக்கிறார்கள். ஒருத்திக்கு ஷிஃப்ட் மாறிட்டா, அந்த வாரம் இன்னொருத்தி தனியா நடக்கணும்.