ஒருவரை மூன்று முறை கேட்கச் செய்வோம்

பரிசோதனை இசைவிழா ஒன்றின் கலைஞர் பட்டியல் வெளியானதும் எல்லோரும் பெயர்களைத்தான் எண்ணுகிறார்கள். எத்தனை பேர், எத்தனை நாடுகள், முதல் வரியில் யார். விழா அமைக்கும் நாமும் இந்தக் கணக்குக்கு இணங்கிவிட்டோம். அரைமணி நேர நிகழ்ச்சிகள் பெருகுகின்றன. ஒலிச்சோதனைக்கான நேரம் சுருங்குகிறது. பழக்கமில்லாத இசையை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, அது மனத்தில் படியும் முன்பே ரசிகர் அடுத்த அரங்குக்கு விரைகிறார். பெயர்களைக் குறைத்து, ஒரே கலைஞரைப் பல கோணங்களில் கேட்கவைக்கும் பட்டியலே இத்துறைக்கு இப்போது வேண்டும் என்பது இவ்விதழின் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரில் நடக்கும் பிக் இயர்ஸ் விழா இதற்கு நல்ல சான்று. திறந்தவெளியில் பல்லாயிரம் பேர் கூடும் பானரூ விழாவுக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான ஆஷ்லி கேப்ஸ் 2009-இல் இதைத் தொடங்கினார். நாக்ஸ்வில் பெருநகரம் அல்ல. மக்கள்தொகை சுமார் 1,90,000. 1909-இல் திறக்கப்பட்ட பைஜூ அரங்கும் 1928-இல் திறக்கப்பட்ட டென்னசி அரங்கும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். 2010-இல் இசையமைப்பாளர் டெர்ரி ரைலியை மையமாக வைத்து விழா நடந்தது. பிறகு மூன்று ஆண்டுகள் நின்றுபோய், 2014-இல் மீண்டும் தொடங்கியது.

அந்த ஆண்டு மையத்தில் இருந்தவர் இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ். அவருடைய 'மியூசிக் ஃபார் எய்ட்டீன் மியூசிஷியன்ஸ்' படைப்பை சிக்னல் குழு வாசித்தது. 1987-இல் கிதார் கலைஞர் பாட் மெத்தினிக்காக ரைஷ் எழுதிய 'எலெக்ட்ரிக் கவுன்டர்பாயின்ட்' படைப்பை வாசித்தவர் ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட். ராக் இசைக் கலைஞரைத் தேடி வந்த இளைஞர், அவர் கைவழியே ரைஷை முதன்முறையாகக் கேட்டார். அங்கிருந்து பதினெட்டுப் பேர் வாசிக்கும் பெரும்படைப்புக்கு அவருக்கு வழி திறந்தது. பிரபலமான பெயரை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்.

2016-இல் ஜான் லூதர் ஆடம்ஸ் மையக் கலைஞர். 2014-இல் புலிட்சர் பரிசு பெற்ற அவருடைய 'பிகம் ஓஷன்' 42 நிமிடங்கள் இடைவிடாமல் நீளும் படைப்பு. மூன்றாகப் பிரிந்த இசைக்குழுவின் ஒலி அலைகள் தனித்தனியே எழுந்து தாழ்ந்து, சில இடங்களில் மட்டும் ஒருசேர உச்சம் தொடும். இதை வாசிக்க வெளியூர்க் குழுவை அழைக்கவில்லை. நாக்ஸ்வில் சிம்பொனி இசைக்குழுவே வாசித்தது. ஒன்பது முதல் 99 தாளக் கலைஞர்கள் வரை வாசிக்கத்தக்க 'இனுக்சுட்' படைப்போ நகரை ஒட்டிய இயற்கைப் பூங்காவில் ஒலித்தது. அங்கே ரசிகருக்கு இருக்கை எண் இல்லை. எங்கே நின்று கேட்பது என்பதை அவரே முடிவு செய்தார். இரண்டையும் கேட்டவருக்கு அந்த இசையமைப்பாளர் வெறும் பெயராக எஞ்சமாட்டார்.

பின்னாளில் அந்த விழாவும் பெருத்து, நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைத் தாங்குகிறது. அதன் அளவை அல்ல, மேற்சொன்ன ஆண்டுகளின் கட்டமைப்பையே நாம் பின்பற்ற வேண்டும்.

பெயர்களைக் குறைத்தால் புதியவர்களுக்கு இடம் போய்விடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஒத்திகையும் இல்லாமல், ஒலிச்சோதனையும் இல்லாமல், மதிய வேளையில் பாதி காலியான அரங்கில் கிடைக்கும் அரைமணி நேரம் எந்த இளங்கலைஞரையும் வளர்த்ததில்லை. பத்துப் பேருக்கு அதைப் பங்கிடுவதைவிட, நான்கு பேருக்கு இரண்டிரண்டு நிகழ்ச்சிகளும் முழுமையான ஒத்திகையும் தகுந்த ஊதியமும் தருவது மேல். அவர்களுள் ஒருவரை மையக் கலைஞருடன் சேர்ந்து வாசிக்க வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த பருவத்துக்கான பட்டியலை இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். முதலில் ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய இசையை மூன்று வெவ்வேறு இடங்களில் ஒலிக்கச் செய்யுங்கள். அதில் ஒன்றையேனும் உள்ளூர்க் கலைஞர்களிடம் ஒப்படையுங்கள். ஒத்திகைச் செலவை வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரியில் எழுதுங்கள். மற்ற பெயர்களை அதன் பிறகு சேர்க்கலாம்.