விற்ற பிறகும் தொடரும் பொறுப்பு

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவ்வூர்களில் கடை வைத்து வாழும் பெரியோர்களுக்கும் எழுதுவது.

சென்ற கோடையில் நாங்கள் குடும்பத்துக்கென ஒரு புது டிரெய்லர் வாங்கிய செய்தியும் அதன் புகைப்படங்களும் உறவினர் வழியே ஊர் முழுவதும் பரவிவிட்டபடியால், "குடியிருக்க வீடு இருக்கும்போது சக்கரம் வைத்த வீடு எதற்கு?" என்று சிலரும், "பழுதானால் யார் பார்ப்பார்கள்?" என்று வியாபாரப் பழக்கமுள்ள சிலரும் விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்கு விரிவாகவும் பதில் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் அந்த இரண்டாவது கேள்விதான் நம் ஊருக்குப் பிரயோஜனமானது என்பது என் அபிப்பிராயம்.

டிரெய்லரும் ஒருவகைக் கேரவன்தான். கேரவன் என்றால் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றே நம் பக்கத்தில் பலர் அறிவார்கள். ஆனால் நாங்கள் வாங்கியதற்குத் தனியே இயந்திரம் கிடையாது. பிக்கப் டிரக்கின் பின்புறம் உள்ள இரும்புக் குண்டில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். 25 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் ஏறத்தாழ 3 டன் எடையும் உள்ள அதனுள்ளே குழந்தைகளுக்கு அடுக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டியும், பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்றும், கழிப்பறை நீருக்கு ஒன்றுமாக அடியில் மூன்று தொட்டிகளும் உண்டு. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டி, அரிசி பருப்போடு அம்மிக் குழவி வரை ஏற்றிக்கொண்டு போய், வைப்பாற்று மணலில் தங்கிப் பொங்கலிட்டுத் திரும்பிய தலைமுறையின் பிள்ளைகளாகிய நமக்கு, பிரயாணத்தோடு குடித்தனத்தையும் கூட்டிச் செல்வதன் சுகத்தை நான் விளக்க வேண்டியதில்லை. விடுதி விடுதியாக மாறி, கிடைத்ததைத் தின்று அலையாமல், ஏரிக்கரையில் நம் வீட்டு ரசத்தோடு பிள்ளைகளை உட்கார வைத்துச் சோறு போட முடிகிறது என்பதே நாங்கள் இதை வாங்கியதற்கு முழுக் காரணம்.

இனி, பழுது பற்றிய கேள்விக்கு வருகிறேன். நான் வசிக்கும் இந்தியானா மாநிலத்தின் வடகோடியில் எல்கார்ட் என்றொரு ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் பேண்டு வாத்தியங்களுக்குப் பெயர் பெற்றிருந்த அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே அமெரிக்காவில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பகுதி உருவாகிறது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து தொடங்கி, இந்தியப் பட்டாசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு எங்கள் கையால் ஆனது என்று சொல்லத்தக்க நிலைக்கு வளர்ந்த சிவகாசியில் பிறந்தவனுக்கு, எல்கார்ட்டைப் பார்க்கையில் சொந்த ஊரைப் பார்ப்பது போலிருந்ததில் வியப்பில்லை. ஒரு தேசத்தின் விடுமுறை மகிழ்ச்சியை ஒரு சிற்றூர் செய்து கொடுக்கிறது. தேசத்தின் கையில் பணம் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பதும் அவ்வூரே. 2009 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா அங்கே வந்து பேச நேர்ந்ததற்குக் காரணம், நாட்டிலேயே மிக வேகமாக வேலையின்மை பெருகிய இடங்களில் எல்கார்ட்டும் ஒன்றாக இருந்ததுதான். 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பட்டாசில் சேரும் பேரியத்துக்கும் தடை விதித்து இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, அவை இல்லாமல் எப்படிப் பிழைப்பது என்று நம் தெருக்களில் எழுந்த கவலையை நினைவில் வைத்திருப்பவர்கள் அவ்வூராரின் மனநிலையை நன்கு உணர்வார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. என் கருத்துக்கு அதுவே முக்கியம். எல்கார்ட்டுத் தொழிற்சாலைகளிலும் கூலி பெரும்பாலும் பீஸ் ரேட்டுத்தான். எத்தனை வண்டி முடிகிறதோ அத்தனைக்குக் கூலி என்றால் கை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதும், ஓடும் கையிலிருந்து ஒரு திருகாணியோ ஒரு விரற்கடை அளவு பசையோ எவ்வளவு எளிதாக விடுபட்டுப்போகும் என்பதும், தீப்பெட்டித் தொழிலில் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாத சங்கதியல்ல. ஆகையால் அந்தத் தொழிலாளியை நான் ஒருபோதும் குறை கூற மாட்டேன். ஆனால் அவ்விதம் விடுபட்டதை, வண்டி ஒரு குடும்பத்தின் கைக்குப் போகுமுன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கடமை யாருக்கோ இருக்கிறதல்லவா? அந்தக் கடமை டீலருடையது. நல்ல டீலர் யார், ஆகாத டீலர் யார் என்பதற்கு வேறு உரைகல் எதையும் நான் அறியேன்.

நாங்கள் வண்டியைப் பெற்றுக்கொள்ளப் போன தினத்தில், அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்த என் தாயார் உள்ளே ஏறிக் கட்டிலைத் தட்டிப் பார்த்து, அலமாரிகளைத் திறந்து மூடி, கடைசியில் கூரையை அண்ணாந்து நோக்கி, "ஏய்யா, மழைக்கு ஒழுகாதுல்ல?" என்று கேட்டார்கள். ஐப்பசி அடைமழையில் ஓட்டு வீட்டுக்குள் பாத்திரம் வைத்து ஒழுகல் பிடித்த பெண்மணி வேறென்ன கேட்பார்கள்! நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தேன். சர்வீஸ் பிரிவைச் சேர்ந்த முதிய மெக்கானிக் மட்டும், அம்மா என்ன கேட்கிறார்கள் என்று என்னிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அது மிகவும் நியாயமான கேள்வி என்று சொல்லி, குழாயை இழுத்து வந்து கூரை விளிம்பிலும் ஜன்னல்களின் மேலும் நிதானமாகத் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார். அடித்துக்கொண்டே இன்னொருவரை உள்ளே டார்ச் விளக்கோடு அலமாரி மூலைகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அடுக்குக் கட்டிலுக்கு மேலுள்ள ஜன்னலின் மூலையில், பலகைக்கும் சுவர்க் காகிதத்துக்கும் நடுவே, ஒரு நீர்த்துளி அரும்பி, தயங்கி, கீழே வழிந்தது.

அந்த இடத்தில், "வெறும் துளிதானே, எடுத்துப் போங்கள், பிறகு சரி செய்து தருகிறோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது விற்பவருக்கு எத்தனை எளிது! டிரெய்லரின் சுவரோ மெல்லிய மரச் சட்டங்களின் மேல் பலகை ஒட்டிய சுவர். இத்தகைய ஒரு துளி இரண்டு மூன்று மழைக்காலத்தில் சட்டத்தை உளுத்துப் போகச் செய்துவிடும், கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். கடையின் மேலாளர் வந்து பார்த்தார். அன்று வண்டியைக் கொடுக்க இயலாதென்றும், மீதித் தொகையை ஒழுகல் சரியாகும்வரை வாங்கப் போவதில்லை என்றும் சொல்லி, வருத்தம் தெரிவித்து எங்களைத் திருப்பி அனுப்பினார். குழந்தைகள் வழியெல்லாம் அழுதார்கள். எனக்கோ அந்தக் கடையின்மேல் மரியாதை பிறந்தது அந்த வழியில்தான்.

ஜன்னலைக் கழற்றிப் புதிதாகப் பசையிட்டு, மறுபடியும் எங்கள் கண்முன்னே நீரடித்துக் காட்டிய பிறகே சாவியைத் தந்தார்கள். அதோடு விட்டார்களா என்றால், இல்லை. கேஸ் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைப் பிரஷ்ஷால் தடவி, குமிழி எழுகிறதா என்று அந்த முதியவர் குனிந்து பார்த்த காட்சியை, இரும்புக் கருவி ஆகாது, ஓர் அறைக்கு நால்வருக்கு மேல் ஆகாது, மருந்தை அளவுக்கு மேல் குவிக்கலாகாது என்ற பட்டாசு ஆலை விதிகளின் அருமையை உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட மண்ணிலிருந்து வந்த நான், எவ்வளவு நன்றியோடு பார்த்திருப்பேன் என்பது உங்களுக்குத்தான் விளங்கும். கொக்கியின் மேல் விழும் பாரம் வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் இருக்க வேண்டும், குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும் என்றும், முதல் 50 மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்றும், தொட்டியில் நீரில்லாமல் வெந்நீர்க் கருவியைப் போட்டால் அதன் சுருள் எரிந்துவிடும் என்றும், பனிக்காலம் வருமுன் குழாய்களின் நீரை வடித்து உறையாத திரவத்தை ஏற்ற வேண்டும் என்றும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, என்னையும் என் மனைவியையும் தனித்தனியே செய்து காட்டச் சொல்லி, ஒரு தாளில் குறித்துக் கையெழுத்திட்டார்கள்.

பிற்பாடு மிச்சிகன் ஏரிக்கரையில், 2019-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இந்தியானா டியூன்ஸ் பக்கம் தங்கியிருந்தபோது, ஃபிரிட்ஜ் குளிரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். அதே கடை, அதே குரல். கேஸில் ஓடும் அவ்வகை ஃபிரிட்ஜ் சமமான தரையில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று நினைவூட்டி, ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லி, ஒரு பக்கச் சக்கரத்தின் கீழ்ப் பலகை கொடுக்கச் செய்தார்கள். மறுநாள் காலையில் உள்ளிருந்த பால் ஜில்லென்று குளிர்ந்திருந்தது.

எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. எங்கள் தெருவில் ஒருவர், விலை குறைவு என்று வெகுதூரத்துக் கடையொன்றில் வாங்கி வந்தார். தண்ணீர்ப் பம்பு நின்றபோது அருகிலிருந்த டீலர்கள், தங்களிடம் வாங்காத வண்டியை இப்போது எடுக்க இயலாது என்றார்கள். விற்ற இடத்தில் கொண்டு விட்டால், உதிரிப் பாகம் வரவில்லை, தொழிற்சாலையின் அனுமதி வரவில்லை என்றே கோடை முழுவதும் கழிந்தது. வாரண்டி வேலைக்கு டீலர் முதலில் தொழிற்சாலையிடம் அனுமதி கேட்டு, பிறகு அது நிர்ணயிக்கும் மணிக்கணக்குக்கே கூலி பெற வேண்டியிருப்பதால், அவ்வேலையைக் கடைசியில் தள்ளும் சபலம் எந்தக் கடைக்கும் உண்டு. வாரண்டியைப் பற்றி 1975 முதல் அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. ஆயினும் பழுதான காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் செய்யும் மாநிலச் சட்டங்கள் பல, இயந்திரம் இல்லாத டிரெய்லருக்குப் பொருந்துவதில்லை. சட்டம் எட்டாத அவ்விடத்தில் வாங்கியவனுக்குத் துணை விற்றவரின் நாணயம் ஒன்றே.

நாணயம் என்று சொல்லும்போது விருதுநகரை நினைக்காமல் இருக்க முடியுமா? மிளகாய் வற்றலும் பருப்பும் எண்ணெயும் வாய்ச் சொல்லை நம்பி மூட்டை மூட்டையாகக் கைமாறிய பேட்டை அது. விற்பனையில் இவ்வளவு என்று மகமை ஒதுக்கி, காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலையை வளர்த்த வணிகர்களின் ஊர் அது. சரக்கில் குறை என்றால் எதிர்த்துப் பேசாமல் மாற்றிக் கொடுத்த கடைக்காரர்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். ஆயினும் மோட்டார் சைக்கிள், இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் என்று இயந்திரம் விற்கத் தொடங்கிய பிற்காலத்தில், "கம்பெனிக்குச் சொல்லியிருக்கோம், ஆள் வரும்" என்ற ஒரு வாசகத்தோடு பொறுப்பு கைகழுவப்படுவதையும், விடுமுறையில் வரும்போதெல்லாம் பார்க்கிறேன். மூட்டைக்குக் காட்டிய சிரத்தையை இயந்திரத்துக்குக் காட்டாமல் விட்டது நமக்கு நஷ்டம் என்பதை மனம் நொந்து எழுதுகிறேன்.

நம் நாட்டிலும் இவ்வகை வண்டிகளுக்குக் காலம் வருகிறது. 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. குற்றாலத்துச் சாரலுக்கும் திருச்செந்தூருக்கும் வேன் வைத்துக் குடும்பம் குடும்பமாகப் போகும் நம் மக்கள் நெடுநாள் விலகி இருக்கப் போவதில்லை. வண்டி கட்டக் கரூரில் ஆள் உண்டு. பராமரிக்க நம் ஊரில் ஆள் உண்டு: ஜெர்மனியில் செய்த ஆஃப்செட் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு, இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து, விடியுமுன் காலண்டர் அச்சிட வைக்கும் சிவகாசி மெக்கானிக்குகளின் கைத்திறனுக்கு ஈடாக நான் இங்கே பலரைக் கண்டதில்லை.

ஆகையால் கடை வைத்திருக்கும் பெரியோர்களையும் வைக்கப்போகும் இளைஞர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கேரவன் ஆனாலும் சரி, கிரைண்டர் ஆனாலும் சரி, விற்கும் ஒவ்வொரு இயந்திரத்தின் லாபத்திலும் ஒரு சிறு பங்கைப் பராமரிப்புக்கென்று மகமையாக ஒதுக்குங்கள். அதைக் கொண்டு ஒரு நல்ல மெக்கானிக்குக்கு மாதச் சம்பளம் கொடுத்து, அடிக்கடி தேயும் பாகங்களைக் கடையிலேயே வாங்கி வையுங்கள். பொருளைக் கொடுக்குமுன் வாங்குபவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டி, குறை தெரிந்தால் அன்று கொடுக்க மறுத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர், இது ஒழுகுமா என்று கேட்டால், தயவுசெய்து தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும்,
இந்தியானாவில் வாழும் ஒரு சிவகாசிக்காரன்