‘தாங்கு செல்’ என்னும் கலைச்சொல்: ஒரு மறுபரிசீலனை

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாற்றைக் கடந்தால் சிறிது தொலைவில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. அதன் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், வளர்கருவின் மூளையை 5,132 வெட்டுப்படலங்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் பெயரில் வெளியிட்டது. எவரும் கட்டணமின்றிக் காணத்தக்க தொகுப்பு அது. அப்படங்களைத் தமிழில் விளக்க முற்படுவோர் முதலடியிலேயே இடறுவர். காரணம் சொற்பஞ்சம் அன்று. நம்மிடமுள்ள ஒரு சொல்லே என்பது என் கருத்து.

நரம்பு மண்டலச் செல்கள் இருவகைப்படும். செய்தியை மின்துடிப்பாகக் கடத்தும் செல்லுக்கு 1891இல் வால்டேயர் நியூரான் எனப் பெயரிட்டார். மற்றவற்றை விர்ச்சோ 1856இலேயே நியூரோகிளியா என்றார். கிளியா என்பது கிரேக்கத்தில் பசை. நரம்புகளை ஒட்டவைக்கும் நிரப்புப்பொருளாகவே அவர் அவற்றைக் கருதினார். அக்கருத்தின் வழியிலேயே தமிழில் தாங்கு செல், துணைச்செல் என்பன வழங்குகின்றன.

பின்வந்த ஆய்வுகள் அக்கருத்தைக் கடந்துவிட்டன. கிளியா வகைகளுள் ஒன்று நியூரானின் நீள்இழையைச் சுற்றி மயலின் உறையிட்டுத் துடிப்பின் வேகத்தைப் பெருக்குகிறது. விண்மீன் வடிவினது, நியூரான்களின் சந்திப்பில் எஞ்சும் வேதிப்பொருளை அகற்றுகிறது. நுண்கிளியா தேவையற்ற இணைப்புகளைக் களைகிறது. மனித மூளையில் நியூரான்கள் ஏறத்தாழ 8,600 கோடி. கிளியாவும் ஏறக்குறைய அவ்வளவே. இவை அனைத்தினும் வியப்புக்குரியது வளர்கருவின் மூளையிலுள்ள ஆரைக்கிளியா. இளநியூரான்கள் அதன் நீண்ட இழையைப் பற்றியே தமக்குரிய இடத்திற்கு ஊர்ந்து செல்கின்றன. அந்நியூரான்களுள் பலவற்றை ஈன்றதும் அதுவே. ‘தாங்கு செல்லிலிருந்து நரம்பு செல் பிறக்கிறது’ என்று எழுதினால் மாணவர் அச்சுப்பிழை என்றே கொள்வர்.

கிரேக்கப் பெயரும் பிழைதானே எனலாம். பிழைதான். ஆயினும் இன்று அதனை ஆள்வோர் காதில் பசை என்னும் பொருள் ஒலிப்பதில்லை. தமிழ்ச்சொல்லின் பொருளோ நமக்கு வெளிப்படை. அவ்வெளிப்படைத் தன்மையையே கலைச்சொல்லாக்கத்தின் தலைசிறந்த பண்பாகப் போற்றி வந்துள்ளோம். இங்கு அதுவே இடையூறாகிறது. அன்றியும், ‘தாங்கு செல்’ வினைத்தொகை. தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் என முக்காலத்தையும் தன்னுள் அடக்கி, அச்செல்லின் தொழில் என்றும் இதுவே என அறுதியிடுகிறது. யாழின் தந்தியையும் உடலின் நாடியையும் குறித்த ‘நரம்பு’, புதிய உடற்கூற்றியலுக்கும் இடங்கொடுத்தது. வினையடியால் தொழிலைக் கட்டிவைத்த சொல்லுக்கு அந்நெகிழ்ச்சி இல்லை.

எனவே இனப்பெயராகக் ‘கிளியா’வையே ஏற்று, உட்பிரிவுகளை வடிவத்தால் பெயரிடலாம்: விண்மீன் கிளியா, ஆரைக்கிளியா என்பன போல. தொழில் முற்றும் அறியப்படாத பொருளுக்குத் தொழிற்பெயர் இடுதல் வேண்டா. இது தனித்தமிழ் நெறிக்கு முரண் என்பார் உளர். யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த கிறீன், 1872இல் வெளியிட்ட உடற்கூற்று நூலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்றே பெயரிட்டார். அப்பெயரின் வடசொற்கள் அங்குப் பயின்ற தமிழ் மருத்துவருக்குத் தடையாய் இருந்ததில்லை.