திரைக்கேற்ற பக்கம்



நம் அம்மாபேட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் பூட்டிய அச்சின் அகலம் எதுவோ, அதற்குள்தான் துணியின் அகலமும் அமையும். அச்சகத்தாரும் தாளின் அளவை முதலில் வரையறுத்த பின்னரே எழுத்துக் கோப்பர். இணையப் பக்கத்திற்கோ இவ்விதி பொருந்தாது. ஒருவர் அதனை அகன்ற கணினித் திரையில் காண்கின்றார். மற்றொருவர் உள்ளங்கை அளவான கைப்பேசியில் காண்கின்றார். படிப்பவரின் திரை அகலம் யாதென அமைப்பவர் முன்னரே அறியார்.

ஆயினும் பலர் கணினிக்கென ஓர் அகலத்தை நிலைநிறுத்தியே பக்கங்களை அமைத்து வந்தனர். அதனால் விளைவது யாது? உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விழையும் மாணவி ஒருத்தி, இல்லத்தில் உள்ள ஒரே கைப்பேசியில் அத்தகைய பக்கத்தைத் திறப்பதாகக் கொள்வோம். எழுத்து எறும்பெனச் சிறுத்துத் தோன்றும். பெரிதாக்கினாலோ, வரியின் பாதி திரைக்கு வெளியே மறையும். இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கையில், விண்ணப்பத்தின் கடைசி நாள் அவள் கண்ணில் படாமலே போகக்கூடும்.

இக்குறை தீர வழி வகுத்தவருள் ஈத்தன் மார்க்காட் என்னும் அமெரிக்கர் குறிப்பிடத்தக்கவர். 2010ஆம் ஆண்டு மே மாதம் அவர் எழுதிய கட்டுரை மூன்று நெறிகளை ஒன்றிணைத்தது. பத்திகளின் அகலத்தை விழுக்காட்டால் குறித்தல். படங்கள் தம் இடத்தை மீறாது சுருங்கச் செய்தல். திரை குறுகியதாயின், அருகருகே நின்ற பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குதல். கணினிக்கொன்று, கைப்பேசிக்கொன்று எனத் தனிப் பக்கங்கள் வேண்டா. ஒன்றே யாவர்க்கும் போதும்.

2018இல் வெளியான உலக இணைய அணுகல் நெறிமுறையும், நிலப்படம், அட்டவணை போன்றவை நீங்கலாக, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாது படிக்க இயல வேண்டும் என்கின்றது. கணினியில் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிக்கும் பார்வை மங்கிய முதியவருக்கும் இது பெருந்துணை.

பங்கிற்கும் பள்ளிக்கும் இணையப் பக்கம் அமைக்கும் இளைஞர்களே, முதலில் மிகக் குறுகிய திரைக்கு அமையுங்கள். பின்னர் அகன்ற திரைக்கு விரியுங்கள். தமிழ்ச் சொற்கள் புணர்ந்து நீள்பவை. ஆதலின் தலைப்புகளைச் சுருக்கமாக வையுங்கள். அறிவிப்பைப் படமாக ஒட்டாது, எழுத்தாகவே இடுங்கள். எழுத்து திரைக்கேற்ப மடங்கும், படத்தில் உள்ள எழுத்து மடங்காது. பணி முடிந்ததும் வீட்டில் உள்ள பழைய கைப்பேசியில் அதனைத் திறந்து, பாட்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்திய பின்னரே வெளியிடுங்கள்.